உவர்க் கிணற்றில் ஒரு நுளம்பு

பள்ளிக்கூடத்தில் டெங்குச் சுவரொட்டி கீறாத ஆக்கள் எங்களுக்குள்ள குறைவுதான். ஒரு ரயர், ஒரு சிரட்டை, ஒரு யோகட் கோப்பை, மேலே காலில் வெள்ளை வரி போட்ட பெரிய நுளம்பு. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வசனம்: டெங்கு நுளம்பு சுத்தமான, தெளிந்த நன்னீரில்தான் பெருகும். நான் அதைக் கீறினது வேலணையில், அம்மம்மா வீட்டுத் திண்ணையில் இருந்து. கீறி முடிச்சு அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ வெத்திலையை ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டுக் கேட்டா: "நன்னீரோ? இஞ்ச ஆக்களுக்கே நல்லதண்ணி இல்லை. நுளம்புக்கு எங்கால வந்தது?"

எல்லாரும் சிரிச்சம். அது பகிடி இல்லை, நல்லதொரு ஆராய்ச்சிக் கேள்வி என்று எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. அந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்திலேயே பதில் தேடியவர்கள் இருந்திருக்கிறார்கள். பதிலும் 2011இல் அச்சில் வந்துவிட்டது. ஆனால் நான் கீறின வசனம் இன்னமும் சுவர்களில் இருக்கிறது. அந்த வசனம் எங்கே பிறந்தது, எங்கட தீவுகள் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது, விஞ்ஞானம் ஒருபக்கம் நகர்ந்த பிறகும் அது ஏன் நகரவில்லை என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணியைப் பற்றிச் சொல்லவேணும். தீவகத்தில் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் எல்லாம். அது சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கிற கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக மிதக்கும். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே நிற்கும். அள்ள அள்ளப் படலம் மெலியும், கீழேயிருக்கிற உப்பு மேலே வரும். பங்குனி, சித்திரை வர, மாரியில் வாய் கொப்பளிக்கக் கூடியதாக இருந்த கிணறு உவர்த்துப் போகும். குடிக்க ஒரு கிணறு, குளிக்க ஒரு கிணறு என்று தீவுப் பிள்ளைகள் சின்னனிலேயே பிரித்துப் பழகுவது இதனால்தான். நெடுந்தீவில் நல்லதண்ணிக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளைத்தான் சொல்லுவினம். மற்ற இடங்களுக்கு பவுசரில் தண்ணி வரும், வீட்டுக்காரர் பரலிலும் தாங்கியிலும் பிடித்து வைப்பார்கள். இப்போது சில தீவுகளில் உவர்நீரைச் சுத்திகரிக்கிற நிலையங்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் "நன்னீரில்தான் பெருகும்" என்ற வசனத்தை வாசிக்கிற ஆள் என்ன முடிவெடுப்பார்? உவர்க் கிணற்றை எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றுதான்.

அந்த வசனத்தின் பிறப்பிடம் இலங்கை இல்லை, கியூபாவின் ஹவானா நகரம். மஞ்சள் காய்ச்சலை ஒரு நுளம்பு பரப்புகிறது என்று கார்லோஸ் ஃபின்லே என்ற கியூப மருத்துவர் 1881இலேயே சொன்னார். கனபேர் அவரைப் பகிடி பண்ணினார்கள். 1900இல் அமெரிக்க இராணுவத்தின் வோல்ற்றர் றீட் குழு சோதித்துப் பார்த்து, ஃபின்லே சொன்னது சரி என்று காட்டியது. அந்த நுளம்புதான் இன்றைக்கு நாங்கள் ஈடிஸ் ஈஜிப்தி என்று சொல்கிற, டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிற நுளம்பு. 1901இல் வில்லியம் கோர்கஸ் ஹவானாவில் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, மழைநீர்த் தொட்டிகளை மூடவைத்தார், தேங்கின தண்ணியில் எண்ணெய் ஊற்றவைத்தார். மஞ்சள் காய்ச்சல் மாதக் கணக்கில் அடங்கிப்போனது. பொதுச் சுகாதார வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வெற்றி குறைவு. ஆராய்ச்சி சொன்னதை நிர்வாகம் அடுத்த வருசமே செய்தது. அந்த வெற்றியோடு சேர்ந்து "வீட்டைச் சுற்றித் தேங்கும் நன்னீர்" என்ற படமும் உலகம் சுற்றியது. ஹவானாவின் தொட்டிகளுக்கு அது முழு உண்மை.

ஆய்வுகூடத்தில் இன்னொரு உண்மை இருந்தது. 1933இல் லண்டனில் வி. பி. விகிள்ஸ்வேர்த் என்ற பூச்சி உடலியலாளர் இதே நுளம்பின் குடம்பிகளை எடுத்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார். திடீரென்று உப்புத் தண்ணியில் போட்டால் சாகிற குடம்பி, படிப்படியாகப் பழக்கினால் தாக்குப்பிடித்தது. குடம்பியின் வால்முனையில் நாலு சின்ன மென்காம்புகள் இருக்கும். உடலுக்குள் உப்பைச் சமாளிப்பதில் அவற்றுக்கு என்ன பங்கு என்பதையும் அவர் ஆராய்ந்தார். ஆக, இந்த நுளம்புக்கு உவர் ஒத்துக்கொள்ளவே மாட்டாது என்று விஞ்ஞானம் ஒருகாலத்திலும் சத்தியம் பண்ணவில்லை. அந்தக் கட்டுரை நூலகத்தில் இருந்தது. சுவரொட்டிகள் சுவரில் இருந்தன. இரண்டும் சந்திக்கவில்லை.

எங்கட நாட்டில் நுளம்பு என்றால் நீண்டகாலம் மலேரியாதான். அந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் ஆராய்ச்சியும் கொள்கையும் ஒன்றாகப் போனால் என்ன நடக்கும், பிரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டுகிற இடம் இலங்கை. 1920களில் எச். எஃப். கார்ட்டர் இங்கே வந்து வேலைசெய்து, மலேரியாவைப் பரப்புவது முக்கியமாக அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பு என்று காட்டினார். அது ஆற்றுப் படுக்கைக் குட்டைகளில் பெருகுவது. 1934இல் மழை பிழைத்தது. வழக்கமாக ஓடுகிற ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். பெரிய அழிவு கேகாலை, குருநாகல் பக்கம். ஆறில்லாத எங்கட பக்கத்துக்கு அந்தமுறை அவ்வளவு அடி விழவில்லை. அங்கே போய் வேலைசெய்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், காய்ச்சலைவிடப் பசிதான் ஆக்களைக் கொல்லுது என்று கண்டார்கள். மார்மைற்றை உருண்டையாக்கி, நாட்டு வைத்தியர் குளிசை மாதிரிக் கொடுத்தார்களாம். கொள்கை வகுக்கிறவர்கள் நுளம்பையும் குயினைனையும் எண்ணிக்கொண்டிருக்க, இருபது வயசுக்காரர் சிலர் சோற்றுப்பானையைப் பார்த்தார்கள். இது கட்டுரைக்குப் பக்கவாட்டான விசயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பிறகு டீ.டீ.ரி. வந்தது. 1945 முடிவில் தொடங்கி, அடுத்த இரண்டு வருசத்தில் மலேரியாப் பிரதேசம் எங்கும் வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. அதில் எவ்வளவு டீ.டீ.ரி.யால், எவ்வளவு உணவாலும் ஆஸ்பத்திரிகளாலும் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டைபிடிக்கிறார்கள். 1963இல் நாடு முழுக்கப் பதிவானது 17 மலேரியா நோயாளிகள். அதிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவை.

அந்த 17தான் ஆபத்தான எண். உலக சுகாதார நிறுவனம் 1955இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது: சில வருசம் மருந்து அடி, நோயாளிகள் எண்ணிக்கை குறைந்ததும் நிறுத்து, பிறகு கண்காணி. வாய்ப்பாட்டின்படி 1964இல் மருந்தடிப்பை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. 1967இல் மழை மறுபடி பிழைத்தது. இரத்தினக்கல் குழிகளிலும் சேனைகளிலும் ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். அந்தக் குழிகளும் குட்டைகளும் வாய்ப்பாட்டில் இல்லை. 1969இல் நோயாளிகள் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. பொதுச் சுகாதார வகுப்புகளில் இன்றைக்கும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவார்கள்.

அந்தக் கொள்ளைநோயைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவரை எங்களுக்கு வேறு பெயரில் தெரியும். 'மலைக்கொழுந்து' எழுதின நந்தி. சொந்தப் பெயர் சி. சிவஞானசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1967–68 கொள்ளைநோயில் ஒரு நோயாளியிலிருந்து எத்தனை புது நோயாளிகள் உருவானார்கள் என்று கணித்து, 1973இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் எல்லாரும் பேசினார்களே, அந்த 'ஆர்' எண்தான். அதே ஆள்தான் தமிழில் தாய்மாருக்கும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சுகாதாரப் புத்தகங்களும் எழுதினார். நந்தியைச் சிறுகதைக்காரராக மட்டும் நினைவுவைத்திருப்பது எங்கட பிழை என்று நினைக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடந்து திரிந்த ஆட்கள் எங்களிடம் கனபேர் இருந்ததில்லை.

போர்க்காலத்தில் நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும்தான். அதற்குள்ளும், இரண்டு பக்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும், மலேரியா எதிர்ப்பு இயக்க ஊழியர்கள் நுளம்பு வலையோடும் மருந்தோடும் போய்வந்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

இதற்கிடையில் வரி நுளம்பு வேறு பக்கத்தால் வந்துகொண்டிருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. சாமான் இல்லை, மருந்து இல்லை, ஆனால் அந்த வருசக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் சிக்குன்குனியா மாதிரியான காய்ச்சல் பரவியது. மூட்டு நோவில் ஆட்கள் கூனிக்கொண்டு நடந்தது எங்கட அம்மா, அப்பாவுக்கு நல்ல நினைவு. அந்த நேரத்திலும் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்தவர்கள் வாளி, தாங்கி எல்லாம் எட்டிப் பார்த்து, குடம்பி எண்ணி, அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போர் முடிந்து பாதை திறந்த கையோடு, 2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலும், டெங்கு பெரிசாக வந்தது.

அந்தப் பின்னணியில்தான் ரஞ்சன் இராமசாமி, எஸ். என். சுரேந்திரன் ஆகியோரும் அவர்களோடு வேலைசெய்தவர்களும் யாருமே பார்க்காத தண்ணியைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் சாரம் எளிமையானது. கரையோர ஊர்களில் எறிந்து கிடக்கிற பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவனையில் இல்லாத கிணறுகள். இவற்றில் தேங்கியிருந்த உவர்நீரில் ஈடிஸ் ஈஜிப்தியும் அதன் உறவுக்காரியான ஈடிஸ் அல்போபிக்ரசும் முட்டையிட்டு, குடம்பியாகி, நுளம்பாகப் பறந்து போகின்றன. அந்தத் தண்ணியில் ஆயிரம் பங்குக்கு 2 தொடக்கம் 15 பங்கு வரை உப்பு. கடல்நீரில் அது ஏறத்தாழ 35. அதாவது கடலின் பாதிக்குக் கிட்டப் போகிற உவர்ப்பு. யாழ்ப்பாண நகரத்தில் இப்படியான இடங்களுக்கு அண்டி டெங்கு நோயாளிகள் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்ததையும் அவர்கள் காட்டினார்கள். கட்டுரையின் வேண்டுகோளும் நேரடியானது: கட்டுப்பாட்டு வேலை முழுக்க நன்னீரை நோக்கியே இருக்கிறது, தேசிய மட்டத்திலும் சர்வதேச மட்டத்திலும் சுகாதார அதிகாரிகள் உவர்நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருசம் வீட்டுக் கிணறுகளை எடுத்தார்கள், நன்னீர்க் கிணறும் உவர்க் கிணறும். கரையோரத்து உவர்நீரில் எந்தெந்த நுளம்புகள் வளர்கின்றன என்றும், குடம்பியைக் கொல்லப் போடுகிற பற்றீரியா மருந்தின் வலுவை உப்பு எப்படி மாற்றுகிறது என்றும் பார்த்தார்கள். 2014இல் குருநகர் உவர்நீர் நுளம்பையும் திருநெல்வேலி நன்னீர் நுளம்பையும் ஒப்பிட்டபோது, குருநகர்க்காரி உப்பைக் கூடுதலாகத் தாங்கினா. 2021இல் இன்னும் உள்ளே போய், உவருக்குப் பழகின நுளம்பின் மேற்தோல் மாறித் தடித்திருப்பதையும், டெமிபொஸ் என்ற வழக்கமான குடம்பிக்கொல்லியை அது கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதையும் கண்டார்கள். கடல்மட்டம் உயர, நிலத்தடி நீர் உவர்க்க, இந்த வகை நுளம்புக்கு இடம் கூடிக்கொண்டே போகும் என்ற எச்சரிக்கையும் திரும்பத் திரும்ப வருகிறது. 2011இல் கேட்டதையே பத்து வருசம் கழித்தும் கேட்கவேண்டி இருந்திருக்கிறது. அதிலிருந்தே மிச்சத்தை ஊகிக்கலாம்.

இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை காசு கட்டாமல் இணையத்தில் வாசிக்கலாம். ஆனால் எல்லாம் ஆங்கிலம். குருநகரில் எடுத்த தண்ணியைப் பற்றிக் குருநகர் ஆட்கள் தமிழில் வாசிக்க என்ன இருக்கு?

இனி மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேணும், இல்லாட்டி இது வெறும் புலம்பலாகிப் போகும். ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகளுக்கு ஒரு அளவு உண்டு. யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவது மாரி மழையோடு, மார்கழி, தை மாதங்களில். அந்த நேரம் ரயரிலும் சிரட்டையிலும் தாங்கியிலும் நிறைந்து கிடப்பது மழைநீர்தான். குடம்பியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். கையில் இருக்கிற இரண்டு மணித்தியாலத்தை அதில் செலவழிப்பது அறிவான வேலை. அதோடு, எத்தனை நோயாளிகள் உவர்நீரில் பிறந்த நுளம்பால் வந்தவர்கள் என்ற கணக்கை அந்த முதல் கட்டுரை தரவில்லை. அது ஒரு சாத்தியத்தைத்தான் முன்வைத்தது. சாத்தியத்தை வைத்து வரவுசெலவு மாற்றுகிற அதிகாரியை நான் இன்னும் காணவில்லை.

ஆனால் கோடையை யோசித்துப் பாருங்கோ. ஆடியில் ரயர் காய்ந்து கிடக்கும், சிரட்டை வெடித்துக் கிடக்கும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அது உண்மை. அதைத் தவிர நுளம்பு பறந்து திரிந்து பெருகிக்கொண்டே இருக்க ஓர் இடம் வேணும் என்றால், தீவகத்தில் வற்றாமல் நிற்கிற தண்ணி என்ன? உவர்க் கிணறு. இன்னொன்று, பவுசர் தண்ணியைப் பிடித்து வைக்கிற பரல். உப்பு ஏற ஏற மக்கள் கிணற்றைக் கைவிடுகிறார்கள், கைவிட்ட கிணற்றில் யாரும் வாளி போடுவதில்லை. அதற்குப் பதிலாக வருகிற நல்லதண்ணியைச் சேமிக்க இன்னும் நாலு தாங்கி வாங்குகிறார்கள். ஒரே முற்றத்தில் நுளம்புக்கு இரண்டு வீடு. தண்ணி கொடுக்கிற திணைக்களம் ஒன்று, நுளம்பு பிடிக்கிற திணைக்களம் வேறொன்று.

இங்கே மன்னாரில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மலேரியாச் சான்றிதழ் கிடைத்து மூன்று மாதத்தில், 2016 டிசம்பரில், மன்னார்த் தீவில் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தினர் அதுவரை இலங்கையில் பதிவாகாத ஒரு நுளம்பைப் பிடித்தார்கள்: அனோபிலிஸ் ஸ்ரெபன்சி. சென்னை போன்ற நகரங்களில் மேல்நிலைத் தாங்கியிலும் கிணற்றிலும் பெருகி, நகர மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அது. மன்னாரிலும் அது முக்கியமாகக் கிணறுகளில்தான் இருந்தது. உடனே கிணறுகளுக்கு மீன் விட்டார்கள், மருந்து போட்டார்கள், பாவிக்காத கிணறுகளை மூடினார்கள். 2017இல் கட்டுரையும் வந்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அந்த நுளம்பு இருப்பதைப் பல்கலைக்கழகக் குழு கண்டு எழுதியது.

மன்னாரில் ஏன் அவ்வளவு கெதியாக நடந்தது? விஞ்ஞானிகள் கெட்டிக்காரர் என்றோ அதிகாரிகள் நல்லவர் என்றோ நான் நினைக்கவில்லை. நுளம்பைப் பிடித்தவரும் மீன் விடச் சொல்லி உத்தரவு போடுகிறவரும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்தார்கள். கண்டுபிடிப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனால் போதும். உவர்நீர் டெங்கு நுளம்பைக் கண்டவர்கள் பல்கலைக்கழகத்தில். சுவரொட்டி அச்சடிக்கிறவர்கள் கொழும்பில். கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். பாழ் வள்ளத்தை அகற்றவேண்டியவர் பிரதேச சபையில். இந்த நாலு இடத்துக்கும் நடுவில் கண்டுபிடிப்பைச் சுமந்துகொண்டு திரிவது யாருடைய வேலை என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. 1969இலும் அடிப்படையில் இதுதான் நடந்தது: வாய்ப்பாடு ஜெனீவாவில், குழி எலஹெரவில்.

குருநகர்க் கரையில் நின்று பார்த்தால் கடலேரிக்கு அங்கால் மண்டைதீவு தெரியும். நுளம்புக்கு அது பெரிய தூரம் என்றாலும், வள்ளத்துக்கும் பஸ்ஸுக்கும் இல்லை. பண்ணைப் பாலம் தாண்டினால் வேலணை, அங்கிருந்து ஊர்காவற்றுறை ஒரு பக்கம், புங்குடுதீவு மறுபக்கம். புங்குடுதீவின் கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கேயிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு நாடு முழுக்க இருந்து ஆட்கள் இந்த வழியால்தான் போகிறார்கள். 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு இந்தத் தீவுகளில் கனபேர் வெளிக்கிட்டவர்கள், வெளிக்கிட்டவர்கள்தான். கூரை போன வீடுகள், சுவருக்குள்ளால் முளைத்த மரங்கள், ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. பாவனையில் இல்லாத, உவர்த்த கிணறு. 2011 கட்டுரை சொன்ன அதே வகை இடம்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் பொறுப்பை வளவின் உரிமையாளரிலோ குடியிருப்பவரிலோ போடுகிறது. குடியிருப்பவர் இல்லை. உரிமையாளர் ஸ்காபரோவில், பாரிஸில், பேர்ணில். உறுதி மூன்று சகோதரங்களின் பெயரில், அதில் ஒருவர் உயிரோடு இல்லை. கிணற்றைத் தூர்க்க ஒருவருக்கும் மனமும் வராது. ஒருநாள் திரும்பி வந்தால் முதலில் தேவைப்படுவது அந்தக் கிணறுதானே என்று வெளிநாட்டிலிருந்து சொல்லுகிற குரலை நானே தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். மீன் விடலாம், வலை போட்டு மூடலாம். அதற்கு முதல் யாராவது போய், இதுவும் பார்க்கவேண்டிய கிணறுதான் என்று ஒரு தாளில் எழுதவேணும்.

போன மாரிக்குப் பிறகு நானும் இரண்டு சிநேகிதரும் வேலணைக்குப் போனம். அம்மம்மா இப்போது இல்லை. பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போன் வெளிச்சம் அடிச்சுப் பார்த்தம். குடம்பி நெளிஞ்சுது. தண்ணி மட்டத்தில் படுத்துக் கிடக்காமல் தலைகீழாகத் தொங்கினதால் அனோபிலிஸ் இல்லை என்ற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. ஈடிஸா கியூலெக்ஸா என்று சொல்லுகிற படிப்பு எங்களிடம் இல்லை. வாளி கட்டி அள்ளி, ஒரு சோடாப் போத்தலில் விட்டு, நாக்கில் ஒரு சொட்டு வைச்சுப் பார்த்தான் சிநேகிதன். துப்பினான். நல்ல உவர்.

போத்தலை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தம். அங்கே இருந்த பரிசோதகர் எங்களைவிட ரெண்டு மூண்டு வயசுதான் மூப்பு. முதல் சொன்னார்: "உவர்த்தண்ணி எண்டால் அது இது இல்லை, தம்பி." நாங்கள் போனில் கட்டுரையைத் திறந்து காட்டினம். நின்றபடியே கனநேரம் வாசித்தார், ரெண்டு இடத்தில் பெரிசாக்கிப் பார்த்தார். "இது எங்கட குருநகரோ?" என்று கேட்டார். பிறகு போத்தலை வாங்கி, பதிவுத் தாளை எடுத்து, வளவின் பெயர், திகதி எல்லாம் எழுதினார். நீர்நிலை வகை என்ற இடத்தில் 'கிணறு' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் சரி போட்டார். உவரா நன்னீரா என்று எழுதத் தாளில் இடம் இருக்கேல்லை. பேனையை வைச்சுக்கொண்டு கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'உவர்' என்று எழுதினார்.